வேலைக்குப் போற ஹீரோங்க: சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

சுங்கை சிப்புட் டவுன்ல மோட்டார் வொர்க்‌ஷாப்ல வேலை எனக்கு. வேலை கம்மியா இருந்தா காமிக்ஸ் படிப்பேன், ஆயில் படாம பிளாஸ்டிக் கவர் போட்டு கல்லா பக்கத்துல அடுக்கி வெச்சிருப்பேன். வண்டி ரெடியாகுற வரைக்கும் உக்காந்திருக்கவங்க எடுத்துப் புரட்டுவாங்க, உடனே கேள்வி வரும், அனேகமா அதே கேள்விங்கதான், கையில ஸ்பேனர வெச்சுக்கிட்டு பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதான் எழுதிட்டேன். கடைசியா படிச்ச புத்தகங்கள பத்தி என் கருத்தும் இதுலயே கலந்திருக்கும், பிடிக்கலன்னா தாண்டிப் போயிடுங்க.

"அண்ணே, இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறது இல்லையா?"

சிலது ஆமா, சிலது சத்தியமா இல்ல. அப்சலூட் பேட்மேன்னு ஒண்ணு கல்லா பக்கத்துல இருக்கே, அதுல மொத இஷ்யூலயே, அதாவது மொத இதழ்லயே, கோடாலி, வெட்டு, ரத்தம் எல்லாம் வருது, அத தமிழ்ப்பள்ளி பையன் கையில கொடுத்தா அவங்கம்மா என்னையத்தான் ஏசுவாங்க. ஆனா சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்னு ஒரு புத்தகம் பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளைங்களுக்குன்னே எழுதுனது, அத நான் ரெண்டு தடவ படிச்சேன், எனக்கு நாப்பது வயசாகப் போகுது.

அட்டையில வயசு போட்டிருக்கும், பாத்துட்டு எடுங்க.

"மார்வெல், டிசி ரெண்டும் ஒரே கம்பெனிதானே?"

இல்ல. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் டிசி. ஸ்பைடர்மேன், ஹல்க், கேப்டன் அமெரிக்கா, எக்ஸ்மென் மார்வெல். டிசி வார்னர்ங்கிற சினிமா கம்பெனி கையில இருக்கு, மார்வெல 2009ல டிஸ்னி வாங்குச்சு. எது ஒசத்தின்னு என்கிட்ட கேக்காதீங்க, அது எம்ஜிஆர் சிவாஜி சண்ட மாதிரி, முடியவே முடியாது.

"படமெல்லாம் பாத்தாச்சு, அப்புறம் எதுக்கு புக்கு?"

படத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஊர் இடிஞ்சு விழுந்தாகணும், அவ்வளவு காசு போட்டிருக்கான். புத்தகத்துல அந்த அவசரம் இல்ல. அல்டிமேட் ஸ்பைடர்மேன் நாலாவது இஷ்யூ எடுத்துப் பாருங்க, ரெண்டு ஜோடி ஒரு ஹோட்டல்ல உக்காந்து சாப்புட்டுக்கிட்டே பேசுறாங்க, ஸ்பைடர்மேனா இருக்குற பீட்டரும் அவன் பொண்டாட்டி மேரி ஜேனும் ஒரு பக்கம், ஹாரியும் குவெனும் எதிர்ல, கிட்டத்தட்ட முழு இஷ்யூவும் அதுதான். ஒரு குத்து இல்ல, ஒரு ஒதை இல்ல. நாலு பேருல யாருக்கு என்ன ரகசியம் தெரியும்னு பாத்துக்கிட்டே பக்கத்த திருப்புறோம், நான் அத படிச்சப்ப கஸ்டமர் வந்து நின்னதே தெரியல.

இந்த மாதிரி ஒண்ண எந்தப் படத்துலயும் எடுக்க விடமாட்டான் தயாரிப்பாளர்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது? நம்பரே ஆயிரத்துக்கு மேல போட்டிருக்கே!"

சூப்பர்மேன் 1938ல வந்தது, பேட்மேன் 1939, ஸ்பைடர்மேன் 1962. அன்னிலேர்ந்து நிக்காம வந்துக்கிட்டு இருக்கு, எல்லாத்தையும் படிச்சவன் ஒருத்தனும் கெடையாது, அதனால மொதல்லேர்ந்து படிக்கணும்னு நெனைக்கிறத விட்டுடுங்க. முழுசா ஒரே புத்தகத்துல ஆரம்பிச்சு அதுலயே முடியுற கதை நெறைய இருக்கு, அதுல ஒண்ணு எடுங்க.

நம்ம ஆளுங்களுக்கு நான் மொதல்ல கொடுக்கிறது மேல சொன்ன சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான் தான். ஜீன் லுவென் யாங் எழுதுனது, குரிஹிருன்னு ரெண்டு ஜப்பான் பொண்ணுங்க சேந்து வரைஞ்சது. 1946ல ரேடியோவுல வந்த சூப்பர்மேன் நாடகத்த எடுத்து மறுபடி சொல்லியிருக்காங்க. ஒரு சீனக் குடும்பம் சைனாடவுன விட்டுட்டு நல்ல ஏரியாவுக்கு வீடு மாறிப் போவுது, அப்பா வீட்டுலயும் இங்கிலீஷ்தான் பேசணும்கிறாரு, அம்மாவுக்கு இங்கிலீஷ் தடுமாறுது, மகன் பேஸ்பால் ஆடி ஒட்டிக்கிறான், மகளுக்கு மட்டும் வயித்தக் கலக்குது. கிளான்னு முகமூடி போட்ட வெள்ளைக்கார இனவெறிக் கும்பல் ஒண்ணு ராத்திரி வந்து வீட்டு முன்னாடி சிலுவைய எரிக்குது. தோட்டத்து லயத்துலேர்ந்து தாமான் வீட்டுக்கு, அதான் டவுன் குடியிருப்புக்கு, வந்த குடும்பம் எதுவா இருந்தாலும் அந்த மகள் மொகத்த பாத்தா தெரிஞ்சுக்கும், பக்கத்து வீட்டுக்காரன் என்ன நெனைப்பானோன்னு சாம்பிராணி போடுறதுக்குக்கூட எங்கம்மா கதவ சாத்தின காலம் ஒண்ணு இருந்துச்சு.

இதுல சூப்பர்மேன் பறக்க மாட்டான், தாவுறான், ஓடுறான். 1938லயும் அவன் தாவத்தான் செஞ்சான், பறக்குறது அப்புறம் வந்தது. இந்தக் கதையில அதுக்கு ஒரு காரணம் வெச்சிருக்காங்க, தான் வேத்துக் கிரகத்து ஆளுன்னு தெரிஞ்சா சனங்க பயப்படுவாங்கன்னு அவனே தன்ன அடக்கி வெச்சிருக்கான். அத படிச்சிட்டு கொஞ்ச நேரம் புத்தகத்த மூடி வெச்சிட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே, முடியுமா?"

முடியும். படம் இருக்குல்ல, பாதி அர்த்தம் அதுலயே வந்துடும். மொதல்ல வசனத்த விட்டுட்டு படத்த மட்டும் பாத்துக்கிட்டே ஒரு இஷ்யூவ ஓட்டுங்க, அப்புறம் மறுபடி படிங்க. மேல சொன்ன கிளான் புத்தகம் சுலபமான இங்கிலீஷ். நான் எஸ்பிஎம் பரீட்சையில இங்கிலீஷ்ல என்ன வாங்குனேன்னு மட்டும் கேக்காதீங்க.

"விலை என்ன வரும்? எங்க வாங்குறீங்க?"

இஷ்யூன்னா இருபது சொச்சம் பக்கம், மாசத்துக்கு ஒண்ணு, அமெரிக்க விலை இப்ப 3.99 இல்லாட்டி 4.99 டாலர். நம்ம காசுக்கு 20 வெள்ளின்னு வெச்சுக்கங்க, கால் மணி நேரத்துல படிச்சு முடிச்சிடலாம். குறைஞ்சபட்ச சம்பளமே 1,700 வெள்ளி உள்ள நாட்டுல அது அநியாயம். அதனால அஞ்சாறு இஷ்யூவ சேத்து ஒரே புத்தகமா தைச்சு விக்கிறாங்களே, அதுக்காக காத்திருங்க, வாங்கினா அலமாரியிலயும் நிக்கும். 2024லேர்ந்து டிசி காம்பாக்ட் காமிக்ஸ்னு சின்ன சைஸ்ல பழைய நல்ல கதைங்கள 9.99 டாலருக்கு விடுறாங்க, 40 வெள்ளிய ஒட்டி வரும், எழுத்து கொஞ்சம் பொடிசு, கண்ணாடி போடுறவங்க யோசிச்சுக்கங்க.

கோலாலம்பூர் போனா கேஎல்சிசில கினோகுனியா. ஈப்போவுல பழைய புத்தகக் கடைங்கள துழாவலாம், அதிர்ஷ்டம்தான். மத்தபடி ஆன்லைன்ல ஆர்டர், போஸ்லாஜுகாரர் என்னைய பேர் சொல்லியே கூப்புடுவாரு. போன்ல படிக்கிறவங்களுக்கு மார்வெல் அன்லிமிடெட்னு சந்தா இருக்கு, புது இஷ்யூ அதுல வர மூணு மாசம் ஆகும், அவசரம் இல்லாதவங்களுக்கு அதுதான் மலிவு.

"அது என்ன அப்சலூட், அல்டிமேட்? அதே பேட்மேனா, வேற பேட்மேனா?"

வேற உலகம். பழைய கதை பழைய எடத்துல ஓடிக்கிட்டே இருக்கு, இது பக்கத்துல புதுசா போட்ட ரோடு. அல்டிமேட்டுல ஒரு கெட்டவன் ஹீரோங்க யாருக்கும் சக்தி கெடைக்காத மாதிரி உலகத்த மாத்தி அமைச்சிட்டான், அதனால அவங்க எல்லாம் சாதாரண ஆளா வாழ்ந்துக்கிட்டு இருக்காங்க, 2024 ஜனவரியில ஸ்பைடர்மேன் புத்தகம் ஆரம்பிச்சுது. அப்சலூட் டிசியோடது, 2024 அக்டோபர். பேட்மேன்கிட்டேர்ந்து காச எடுத்துட்டா, சூப்பர்மேன்கிட்டேர்ந்து அந்த கென்சாஸ் பண்ணை வாழ்க்கைய எடுத்துட்டா, வொண்டர் வுமன்கிட்டேர்ந்து அவ தீவ எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு பாக்குறாங்க.

முன்கதை எதுவும் தெரிய வேணாம், அதனாலதான் புதுசா வர்றவங்களுக்கு இத சொல்றேன்.

"காசில்லாத பேட்மேனா? அப்ப அவன் என்ன பேட்மேன், சும்மா முகமூடி போட்டவன்தானே?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருது, நானும் இதுக்குத்தான் ரொம்ப நேரம் பேசுவேன்.

பழைய கதை எல்லாருக்கும் தெரியும், பெரிய பங்களா வீட்டுப் பையன், சந்துல அப்பா அம்மாவ சுட்டுட்டாங்க, வளந்து கோடி கோடியா செலவு பண்ணி ராத்திரி ராத்திரி திருடனுங்கள அடிக்கிறான். எனக்கு அதுல எப்பவும் ஒரு நெருடல் இருந்துச்சு. அவன் அடிக்கிற முக்காவாசிப் பேரு கூலிக்கு கொள்ளையடிக்கிறவனுங்க. பங்களாக்காரன் இறங்கி வந்து லயத்துக்காரன அடிக்கிற மாதிரி ஒரு படம் மனசுல வந்துடும், அப்புறம் ரசிக்க முடியாது.

அப்சலூட் பேட்மேன்ல ஸ்காட் ஸ்னைடரும் வரையுற நிக் டிராகோட்டாவும் அதத்தான் புடுங்கிப் போட்டுட்டாங்க. புரூஸ், அதான் பேட்மேனோட நெசப் பேரு, அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியாரு, பிள்ளைங்கள மிருகக்காட்சிசாலைக்கு கூட்டிட்டுப் போன எடத்துல ஒருத்தன் சுட்டதுல செத்துப் போறாரு. அம்மா உயிரோட இருக்காங்க. புரூஸுக்கு 24 வயசு, சிட்டிக்கு வேலை பாக்குற இன்ஜினியர், உடம்ப எருமை மாதிரி வளத்து வெச்சிருக்கான், சாமான எல்லாம் தானே செய்யுறான். நெஞ்சுல இருக்குற வவ்வால் சின்னத்த கழட்டுனா கோடாலி. மொத தடவ பாத்தப்ப சிரிச்சிட்டேன், அப்புறம் நாலு பக்கம் தள்ளி அத அவன் யூஸ் பண்றத பாத்துட்டு சிரிப்பு நின்னுடுச்சு.

ஆனா எனக்கு கோடாலிய விட பெருசாப் பட்டது அவன் கூட்டாளிங்க. பழைய கதையில வில்லனா வர்ற பென்குவின், ரிட்லர், டூ ஃபேஸ், கில்லர் குரோக் இவனுங்க எல்லாம் இதுல புரூஸோட சின்ன வயசு சினேகிதனுங்க, ஒண்ணா உக்காந்து சீட்டு ஆடுறானுங்க. இவனுங்க என்ன ஆவப் போறானுங்கன்னு நமக்குத் தெரியும், அவனுங்களுக்குத் தெரியாது. தோட்டத்துப் பக்கம் வளந்தவனுக்கு இத வெளக்கவே வேணாம், போலீஸ்ல சேந்தவனும் கேங்ல சேந்தவனும் ஒரே வகுப்புல ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தவனுங்கதான், கல்யாண வீட்டுல பாத்தா இன்னும் ஒருத்தன ஒருத்தன் பட்டப் பேர் சொல்லித்தான் கூப்புடுறானுங்க. பங்களா பேட்மேனுக்கு இந்த மாதிரி ஒரு கூட்டாளி எப்படி கெடைப்பான்?

"அப்சலூட் பேட்மேன்ல வர்ற லாரி ஓடுமா? நீ மெக்கானிக்தானே, சொல்லு."

சுரங்கத்துல மண்ணு அள்ளுற டம்ப் டிரக் மாதிரி பெருசா ஒரு பேட்மொபைல், அதான் பேட்மேனோட வண்டி. நெசத்துல அந்த ரக லாரிங்கள்ள பெருசுக்கு டயரே ரெண்டாள் உயரம், பலதுல டீசல் இன்ஜின் ஜெனரேட்டர ஓட்டும், கரண்ட் மோட்டர்தான் சக்கரத்த சுத்தும். ஆகவே வண்டி ஓடும், அத மறைச்சு வெக்கிறதுதான் முடியாது. சர்வீஸ் பில்லு யாரு கட்டுறான்னு ஸ்னைடர் சொல்ல மாட்டேங்கிறாரு.

"ஸ்பைடர்மேனுக்கு பிள்ளைங்க இருக்காமே, நெசமா?"

அல்டிமேட் ஸ்பைடர்மேன்ல இருக்கு, ரெண்டு. ரிச்சர்டு, மே. எழுதுனது ஜோனதன் ஹிக்மன், வரைஞ்சது மார்கோ கெக்கெட்டோ. பீட்டருக்கு முப்பத்தஞ்ச ஒட்டுன வயசு, பத்திரிக்கை வேலை, பொண்டாட்டி மேரி ஜேன், தாடி. ஏதோ ஒண்ணு கொறையுதுன்னு மட்டும் தெரியுது அவனுக்கு, என்னன்னு தெரியல. அப்புறம்தான் அந்த சிலந்தி வந்து சேருது, இந்த தடவ தானா கடிக்கல, வேணுமா வேணாமான்னு அவனையே முடிவு பண்ணச் சொல்றாங்க. பெரியப்பா பென் உயிரோட இருக்காரு, போனது மே பெரியம்மா. பெரியவர் பென்னும் பத்திரிக்கை ஆசிரியர் ஜேம்சனும் பழைய பத்திரிக்கைய விட்டுட்டு சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க பாருங்க, எனக்கு சண்டக் காட்சிய விட அது பிடிச்சிருந்துச்சு, வயசான காலத்துல முதலாளிகிட்ட வேலைய விட்டுட்டு வர்றது சின்ன விஷயமா?

இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா பழசு கொஞ்சம் தெரியணும். 1987ல பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் ஆச்சு. 2007ல அந்தக் கல்யாணத்தையே கதையிலேர்ந்து அழிச்சிட்டாங்க, மே பெரியம்மா உயிர காப்பாத்த ஒரு பிசாசுகிட்ட கல்யாணத்த கொடுத்துட்டானாம். குடும்பஸ்தன்னா வாசகனுக்கு கெழவனா தெரிவான்னு கம்பெனிக்கு பயம். ரசிகருங்க இன்னும் அந்தக் கோவத்துல இருக்காங்க. அந்தப் புண்ணுல மருந்து போட்ட மாதிரி வந்துச்சு இந்தப் புத்தகம்.

இன்னொண்ணு, இதுல ஒரு இஷ்யூவுக்கும் அடுத்த இஷ்யூவுக்கும் நடுவுல கதையிலயும் ஒரு மாசம் ஓடிடும். சில நேரம் எரிச்சலா இருக்கு, போன இஷ்யூல மலை உச்சியில விட்டுட்டுப் போனவன் இந்த இஷ்யூல எறங்கி வந்து வீட்டுல காப்பி குடிக்கிறான், நடுவுல என்ன நடந்துச்சுன்னு நாமதான் ஊகிச்சுக்கணும். பிடிக்காதவங்களுக்கு இது பிடிக்காதுதான்.

"அண்ணா, பொண்ணு ஹீரோ கதை எதுவும் நல்லா இல்லையா? எல்லாம் தடியனுங்களா இருக்கானுங்க."

அப்சலூட் வொண்டர் வுமன் எடும்மா. கெல்லி தாம்ப்சன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரைஞ்சது. டயானா, அதான் வொண்டர் வுமன், அவள குழந்தையிலயே நரகத்துல கொண்டு போயி விட்டுடுறாங்க, சர்சின்னு ஒரு சூனியக்காரிதான் வளக்குறா. வேண்டாவெறுப்பா ஆரம்பிச்சு பெத்தவ மாதிரி ஆயிடுறா அந்த சர்சி. நரகத்துல வளந்தவ குரூரமா இருப்பான்னு நெனைச்சா, எல்லா ஹீரோவயும் விட இவதான் தன்மையானவ, பெரிய வாள வெச்சுக்கிட்டு எலும்புக் குதிரையில வந்து எறங்குறா, பேசுறது அவ்வளவு இதமா. அப்சலூட் மூணுல எது நல்லாருக்குன்னு கேட்டா நான் வாதாடுறது பேட்மேனுக்கு, ஆனா திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறது இது.

"எங்கப்பா சொல்றாரு ஸ்பைடர் ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனாம், காது கூரா இருக்குமாம். அவருக்கு மறதியா?"

மறதி இல்ல, உங்கப்பா சொல்றது கரெக்ட்டு, அது வேற ஸ்பைடர். 1965ல இங்கிலாந்துல லயன்னு ஒரு வாரப் பத்திரிக்கையில வந்தவன், மார்வெல் ஸ்பைடர்மேனுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல. குற்றவாளிங்களுக்கு ராஜா ஆவணும்னு கெளம்பி அப்புறம் நல்லவனா மாறுறான். அத சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழ்ல போட்டாங்க, 1984ல ஆரம்பிச்சது லயன். அதுக்கு முன்னாடி 1972ல முத்து காமிக்ஸ், மொத புத்தகமே இரும்புக்கை மாயாவி. கரண்ட் பாஞ்சா உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியுமே, அவன்தான், அவனும் இங்கிலாந்துக்காரன், 1962.

வேடிக்கை என்னன்னா அந்த ஸ்பைடர் கதைங்கள்ள நெறைய எழுதுனவரு ஜெர்ரி சீகல், சூப்பர்மேன உருவாக்குன அதே சீகல். சூப்பர்மேன பெத்தவரு ஏன் இங்கிலாந்து பத்திரிக்கைக்கு எழுதிப் பொழைக்க வேண்டி வந்துச்சுன்னு கீழ சொல்றேன்.

"அண்ணே, செத்தவனெல்லாம் திரும்பி வந்துடுறானே, அப்புறம் என்ன சுவாரசியம்?"

ஞாயமான கேள்வி. 1992 நவம்பர்ல சூப்பர்மேன கொன்னாங்க, கறுப்பு பையில போட்டு புத்தகத்த வித்தாங்க, பின்னாடி வெலை ஏறும்னு சனங்க கத்தை கத்தையா வாங்கி வெச்சாங்க, மறு வருஷமே அவன் எழுந்து வந்துட்டான், புத்தகம் வெலையும் ஏறல, அவ்வளவு பேருகிட்ட இருந்தா எப்படி ஏறும்.

இத விட மோசம் 1988. பேட்மேன் கூட இருந்த ராபின், ஜேசன் டாட், அவன் சாவணுமா பொழைக்கணுமான்னு வாசகருங்கள போன் பண்ணி ஓட்டு போடச் சொன்னாங்க, ஒரு கால் 50 சென்ட். சாவட்டும்னு 5,343 பேர், பொழைக்கட்டும்னு 5,271. வித்தியாசம் 72 ஓட்டு. நம்ம ஊர் எடைத்தேர்தல்ல கூட இவ்வளவு இழுபறி பாத்ததில்ல. அவனும் 2005 வாக்குல திரும்பி வந்துட்டான்.

அதனால சாவ நான் பெருசா எடுத்துக்கிறது இல்ல. கதையில ஒருத்தன் சாவுறது எனக்கு வலிக்காது, மிச்சம் இருக்குறவங்க என்ன பண்றாங்கங்கிறதுதான் வலிக்கும். அப்சலூட் பேட்மேன்ல அந்த வாத்தியாரு செத்தது ஒரு சில பக்கம்தான், அவர் பொண்டாட்டியும் மகனும் அதப் பத்தி பேசாம பேசிக்கிற பக்கங்கதான் நல்லாருக்கு.

"அப்சலூட் சூப்பர்மேன்ல ஒரே அரசியல், தொழிலாளி முதலாளின்னு. முன்னெல்லாம் இப்படி இல்லியே?"

முன்னதான் இப்படி இருந்துச்சு. 1938ல ஆக்‌ஷன் காமிக்ஸ் மூணாவது இஷ்யூலயே சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷம் போட்டுக்கிட்டுப் போறான். பாதுகாப்பே இல்லாத சுரங்கம், விபத்து நடந்தும் முதலாளி கண்டுக்கல. அந்த முதலாளி வீட்டு விருந்துக்கு வந்தவங்களையும் சேத்து சுரங்கத்துக்குள்ள எறக்கி, உள்ள மாட்டுனா எப்படி இருக்கும்னு காட்டுறான். 1941ல கேப்டன் அமெரிக்கா மொத இஷ்யூ அட்டையில ஹிட்லர் மொகத்துல குத்துறான், அமெரிக்கா அப்ப போருக்கே போகல.

ஜேசன் ஆரன் எழுதுற அப்சலூட் சூப்பர்மேன் அந்தப் பழைய ஆளத்தான் திருப்பிக் கொண்டாந்திருக்கு. இதுல அவன் பொறந்த கிரகம் கிரிப்டான்ல அவன் அப்பா அம்மா பெரிய விஞ்ஞானி குடும்பமா வாழல, உழைக்கிற சனங்களோட சனமா இருக்காங்க. கிரகத்த தோண்டித் தோண்டி கெடுத்தது மேல இருக்குறவங்க, அழியப் போவுதுன்னு தெரிஞ்சும் மூடி மறைச்சதும் அவங்கதான். பூமிக்கு வந்து அவன் மொதல்ல நிக்கிறதும் ஒரு சுரங்கத்துலதான், கம்பெனி ஆளுங்க துப்பாக்கியோட சுத்தி நிக்கிற எடம். ரஃபா சந்தோவல் வரைஞ்ச அந்தச் செம்மண் தூசி கண்ணுல விழுவுற மாதிரி இருக்கு.

ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. எவ்வளவு உழைக்கிறவன் பக்கம் நின்னாலும் கடைசியில ஒத்த ஆளு வந்து தூக்கி நிறுத்துற கதைதான். தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல நம்ம சுங்கை சிப்புட்ல பொறந்த துன் சம்பந்தன் 1960ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரு, தோட்டத் தொழிலாளிங்க பத்து பத்து வெள்ளியா பங்கு போட்டு தோட்டத்தயே வாங்குனாங்க, எங்க ஆயா அந்தப் பங்குச் சீட்ட பெட்டி அடியில வெச்சிருந்துச்சு. அத எப்படி பக்கம் பக்கமா வரையுறதுன்னு காமிக்ஸ்காரங்களுக்கு இன்னும் தெரியல, நெறைய பேரு சேந்து கையெழுத்து போடுறத படமா போட்டா விக்காதுன்னு நெனைக்கிறாங்க போல.

"நம்ம நாட்டு ஆளு யாரும் இதுல இல்லையா?"

இருக்காங்க. டான் எங் ஹுவாட் மலேசியாக்காரரு, 2001ல டிசிக்கு டூம் பேட்ரோல் வரைஞ்சாரு, அப்புறம் மார்வெலுக்கும். பில்லி டான் இங்க பொறந்தவரு, எக்ஸ்மென், அவெஞ்சர்ஸ் எல்லாம் வரைஞ்சிருக்காரு. ஹீரோன்னு பாத்தா டிவில 1998ல வந்த கெலுவாங் மேன், வவ்வால் மனுசன், ஜொகூர் பாரு, நானும் எங்க வீட்டுல சண்ட போட்டு பாத்தது.

தமிழ் ஹீரோ? மார்வெல் 2004ல இந்தியாவுக்குன்னு பவித்ர பிரபாகர்னு ஒரு ஸ்பைடர்மேன் போட்டாங்க, மும்பை பையன், வேட்டி கட்டிக்கிட்டு பறப்பான். நல்ல முயற்சி, ஆனா பழைய கதைக்கு வேட்டி மாட்டி விட்டாப் போதும்னு நெனைச்ச மாதிரி எனக்குத் தோணுச்சு. அத விட கமலா கான் நல்லாருக்கும், 2014ல தனிப் புத்தகம், பாகிஸ்தான் குடும்பத்துப் பொண்ணு, வீட்டுல ராத்திரி வெளிய விடமாட்டாங்க, அதுதான் அவளுக்கு மொத வில்லன்.

"எதுக்கு காசு கொடுத்து வாங்குறீங்க, நெட்டுல சும்மாவே கெடைக்குதே?"

கெடைக்குது, தெரியும், போலீஸ் வேலை பாக்க நான் வரல. சீகல் கதைய மட்டும் சொல்லிடுறேன், மேல பாதியில விட்டது.

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர், ரெண்டு பசங்க, கிளீவ்லண்ட்காரங்க. 1938ல சூப்பர்மேன அவங்க வித்தது 130 டாலருக்கு, உரிமையோட சேத்து. கம்பெனி கோடிகள்ல பொரண்டுச்சு, இவங்க கேஸு போட்டு தோத்து, வேலையும் போயி, சீகல் கெடைச்ச எடத்துல எல்லாம் எழுதுனாரு, இங்கிலாந்து ஸ்பைடர் அப்படி வந்ததுதான். ஷஸ்டருக்கு கண்ணும் மங்கிடுச்சு. 1975ல பெரிய படம் வரப்போவுதுன்னு இவங்க ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனதுக்கு அப்புறம்தான் வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க, பேரும் போட்டாங்க. பேட்மேன உருவாக்குனதுல பாதிக்கு மேல பில் ஃபிங்கர் கை, அவர் செத்தது 1974, பேர அதிகாரபூர்வமா போட்டது 2015.

காசு கொடுத்து வாங்குனா மட்டும் இதெல்லாம் சரியாப் போயிடுமான்னா, போவாது. ஆனா இப்ப எழுதுறவங்க சிலருக்கு வித்ததுல பங்கு வருது, சும்மா எடுத்தா அதுவும் வராது. காசு இல்லன்னா என்கிட்ட வாங்கிட்டுப் போயி படிங்க.

"ஜோக்கர ஏன் பேட்மேன் கொன்னு தொலைக்க மாட்டேங்கிறான்? எத்தன பேரு சாவுறாங்க!"

கதைக்குள்ள பதில், ஒரு தடவ கொன்னா நிறுத்த முடியாதுன்னு அவனுக்கு பயம். கதைக்கு வெளிய பதில், ஜோக்கர் நல்லா விக்கிறான். 1940ல மொத பேட்மேன் இஷ்யூவுலயே ஜோக்கர் செத்துப் போற மாதிரிதான் முடிச்சு வெச்சிருந்தாங்க, ஆசிரியரா இருந்த விட்னி எல்ஸ்வொர்த் பாத்துட்டு இவன விடாதீங்கன்னு கடைசியில ஒரு கட்டம் சேக்கச் சொல்லி உயிரோட இருக்கான்னு போட வெச்சாரு. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அந்த ஒரு கட்டத்துக்குத்தான் எல்லாரும் காரணம் கண்டுபிடிச்சிக்கிட்டு இருக்காங்க. ஆரம்பத்துல பேட்மேனே ஆளுங்கள கொல்லத்தான் செஞ்சான், அப்புறம்தான் விரதம்.

கோடாலி பேட்மேனும் கொல்றது இல்ல, கைய வெட்டுவான். இது என்ன தருமம்னு என்கிட்ட கேட்டா எனக்கும் முழுசா ஒட்டல. காசில்லாத பேட்மேன் எனக்கு பிடிச்சதுக்கு காரணம் பங்களாக்காரன் லயத்துக்காரன அடிக்கிற நெருடல் போனதுதான்னு மேல சொன்னேன், ஆனா அந்தக் கை போனவனும் எவனோ கூலிக்கு வந்தவன்தானே. ஸ்னைடர் அங்க கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டாரு.

"ஏழை பேட்மேன்னு சொல்லி வித்து காசு பண்றதும் பெரிய கம்பெனிதானே, இதுக்குப் போயி நீங்க உருகுறீங்க?"

ஆமா. கல்லூரில படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டது, நல்லா கேட்டான். இதுல ஜோக்கர்தான் பெரும் பணக்காரன், புரூஸுக்கு ஒண்ணும் இல்ல, அத எழுதுனவங்களுக்கும் அந்த வேடிக்கை தெரியாம இருக்காது. அப்சலூட் பேட்மேன் மொத இஷ்யூவ திரும்பத் திரும்ப அச்சடிச்சு வித்தாங்க, லாபம் வார்னருக்கு. அதுக்காக கதை பொய்யாயிடாது, கம்பெனியும் நல்லதாயிடாது. ரப்பர் மரத்துல பால் வெட்டுனவன் ஒருத்தன், வித்தவன் ஒருத்தன்னு பாத்து வளந்தவன் நான், சாமான் நல்ல சாமான்னு சொல்றதுல எனக்கு கூச்சம் இல்ல.

அப்படியும் மனசு ஒப்பலன்னா இன்வின்சிபிள் படிங்க. 1992ல மார்வெல்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த ஏழு ஆர்ட்டிஸ்ட்டுங்க வெளிய வந்து இமேஜ்னு ஒரு கம்பெனி போட்டாங்க, உருவாக்குனவனுக்கே உரிமைன்னு. அங்க வந்ததுதான் இது, ராபர்ட் கிர்க்மன் எழுதுனது, ஆரம்பத்துல கோரி வாக்கர், அப்புறம் பெரும்பாலும் ரயன் ஆட்லி வரைஞ்சது. 2003ல ஆரம்பிச்சு 2018ல 144 இஷ்யூவோட முடிச்சிட்டாங்க, நெசமாவே முடிவு இருக்கு. ரத்தம் ஜாஸ்தி, மொத கேள்விக்கு சொன்ன பதில் இதுக்கும் சேத்துத்தான். மொத ரெண்டு புத்தகம் கல்லா பக்கத்துல இருக்கு. மூணாவது யாருகிட்ட இருக்குன்னு தெரியல, எடுத்துட்டுப் போனவங்க அடுத்த சர்வீஸுக்கு வர்றப்பயாச்சும் கொண்டாந்து வைங்க.